கோடும் சுழியும்

பாலாற்று அணைக்கட்டில் நான் லஸ்கர்.
காலை எட்டரைக்கு மழைமானியைத் திறக்க வேண்டும்.
திசைகாட்டி உடைந்து ஆறு வருஷம் ஆகிறது.
மேல்காற்று என்றால்
மேல்விஷாரத்துத் தோல் நாற்றம் வரும்.
கொண்டல் என்றால்
வாலாஜா ரோட்டில் நிற்காத ரயில்
காதுக்குள் போகும்.
அப்படித்தான் எழுதுகிறேன். யாரும் கேட்டதில்லை.

எனக்கு முன்னால் முனிரத்தினம்.
மழையில்லாத நாளுக்கு ஒரு கோடு இழுப்பார்.
நான் சுழி போடுவேன்.
கோடு என்றால் பார்க்காமலும் இருந்திருக்கலாம்.
சுழி என்றால்
பார்த்தேன், இல்லை.

ஜூனில் கலெக்டர் ஆபீஸ் ஃபோன்:
"இது எல் நினோ வருஷம், தெரியுமாம்மா?"
தெரியும் சார், பேப்பரில் வந்தது.
பெரு நாட்டுக் கரையில் கடல் சூடேறினால்
நெத்திலி ஆழத்துக்குப் போய்விடுமாம்.
அங்கே வெறும் வலையை உதறும் ஆளை
எனக்குத் தெரியாது.
அவர் உதறிய வருஷங்களில்
என் ஆடிப் பக்கம் முழுக்கச் சுழி.
அதே சூடு ஐப்பசியில்
மேகத்தை எங்கள் பக்கம் தள்ளும், சில வருஷம்.
சில வருஷம் தள்ளாது.
நம் கடலும் மேற்கே ஒருமுறை,
கிழக்கே ஒருமுறை சூடாகுமாம்.
விமானத்துக்கும் மேலே ஒரு காற்று
பூமியின் இடுப்பைச் சுற்றி ஓடி
இரண்டேகால் வருஷத்துக்கு ஒருதரம்
திசை மாறுமாம்.
எங்கள் ஏ.ஈ. டிரான்ஸ்ஃபரும்
ஏறக்குறைய அதே கணக்கு.

ஷட்டருக்குக் கிரீஸ் போட்ட ஒரு ஞாயிறு
நாற்பத்தோரு வருஷத்தைக் கூட்டி வகுத்தேன்.
இயல்பான மழை கிடைத்தது.
அந்த அளவுக்குப் பெய்த வருஷத்தை
விரல் வைத்துத் தேடினேன்.
ஒன்றுகூட இல்லை.

நவம்பரில் ராத்திரி ஆறு வந்தது.
மணல் லாரி போன தடத்திலெல்லாம் தண்ணீர்.
மதகைத் திறந்துவிட்டு மேட்டில் நின்றோம்.
விடிந்தபோது
மானி இருந்த இடத்தில் ஒரு வேப்பமரம்
வேரோடு மிதந்து சுழன்றது.
எட்டரை மணிக்கு நோட்டைப் பிரித்தேன்.
சுழி போட முடியாது. எண்ணும் இல்லை.
என் கையால் முதல் கோடு.

தண்ணீர் வடிந்த பிறகு
பழைய நோட்டை எடுத்தேன்.
ஒரு கார்த்திகைப் பக்கத்தில்
முனிரத்தினத்தின் ஆறு கோடுகள்.
ஏழாம் நாள் ஓரத்தில், பொடி எழுத்தில்:
"வெள்ளம் இறங்கியது.
மானியைத் தேடுகிறோம்."

அந்த ஆறு நாளையும்
சுழி என்று கூட்டியிருக்கிறேன்.

டிசம்பரில் மறுபடி ஃபோன்:
"இயல்பைவிட மேலா, கீழா?"
இருங்க சார், என்றேன்.
மூக்கில் தோல் நாற்றம் ஏறியது,
மார்கழியில்.