இரண்டு பக்கமும்

வண்டிக்கடியில் படுத்தபடியே கேட்டான் டெல்மர் பெனாலி:
"படி வைத்தா, படி இல்லாமலா?"
கதவுக்குக் கீழே ஓடும் தகர விளிம்பு
அப்பளமாய் நொறுங்கிக் கிடந்தது.
போன சனிக்கிழமை பள்ளத்தாக்கில்
ஒரு பாறை அதைக் கடித்துப் பார்த்திருந்தது.

"இல்லாமல்" என்றேன் நான்.
"வைத்து" என்றாள் ஒரேலியா.
எங்களுக்கு ஒரே வண்டி, பாதிப் பாதிக் கடன்.
ஒரே அம்மா.
உயரத்தை மட்டும் பங்கு வைக்கத் தெரியாமல்
எனக்கே அள்ளிக் கொடுத்துவிட்டாள்.

ஃபார்மிங்டனில் அன்று காற்று.
பட்டறைத் தகரக் கதவு தாளம் தப்பித் தட்டியது.
தெருமுனையில் எவனோ பச்சை மிளகாய் வாட்டிக்கொண்டிருக்க
அந்தப் புகையும் வெல்டிங் புகையும் சேர்ந்து கண்ணைக் கரித்தன.
இரண்டு குழாய்களை மேசைமேல் உருட்டினான் டெல்மர்.
"இது மூன்று மில்லி கனம். சட்டத்தோடு நான்கு கால்.
ஜாக்கி வைத்து முழு வண்டியைத் தூக்கினாலும் முனகாது.
அது மலிவு, பார்க்க அழகு.
பாறைமேல் உட்கார்ந்தால் வாழைத்தண்டு."

மலிவை இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.
அதில் மட்டும் ஒற்றுமை.

தொங்கும் படி மூன்று விரற்கடை கீழே இறங்கும்.
மூன்று விரற்கடை என்றால் என்னவென்று
ஸ்டியரிங் பிடிக்கிறவளைக் கேட்க வேண்டும்.
உரசாமல் தாண்டிப் போவதற்கும்
உரசி, சிக்கி, பின்னால் வர வழியின்றி
முன்னே போனவனைக் கூப்பிட்டுக்
கொக்கி கேட்பதற்கும் நடுவே
உள்ள தூரம் அது.
நன்றாகத்தான் சொன்னேன். கையால் அளந்தும் காட்டினேன்.

ஒரேலியா எதிர்த்துப் பேசவில்லை.
சட்டைப் பையிலிருந்து பெட்ரோல் ரசீதை எடுத்தாள்.
பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள்,
ஐந்தைந்தாய்க் கட்டியவை, கடைசியில் ஒன்று தனியாக.
"முப்பத்தொன்று" என்றாள். "ஒரே நாளில்."

ஒவ்வொரு பாறைக்கும் முன்னால் குதித்து இறங்குவாள்.
வண்டியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பாள்.
இடது, இடது, நில், இன்னும் கொஞ்சம் என்று
கையாலேயே என்னைக் கடத்திவிடுவாள்.
பிறகு கைப்பிடியைப் பற்றி
முழங்காலைத் தரைவிரிப்பில் ஊன்றித்
தவழ்ந்து ஏறுவாள்.
நான் அந்நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.
அல்லது பாட்டு மாற்றிக்கொண்டிருப்பேன்.

டெல்மர் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்தான்.
குழாய்க்கும் வண்டிக்கும் இடையே ஒரு தகடு.
தொங்காது. துளை போட்டுவிட்டால்
பூட்ஸ் மண் தானே உதிரும்.
விலைதான் கொஞ்சம் ஏறும்.
"வலப்பக்கம் மட்டும் போட்டால் பாதிச் செலவு" என்றான்.

சரி என்று நான் வாயெடுக்குமுன்,
"அப்படியென்றால்
நான் என்றைக்குமே ஓட்டப்போவதில்லையா?" என்றாள் ஒரேலியா.

காற்று நின்றது போலிருந்தது.
நிற்கவில்லை. கதவு தட்டிக்கொண்டேதான் இருந்தது.
டெல்மர் யாரையும் கேட்காமல்
"இரண்டு பக்கமும்" என்று எழுதிக்கொண்டான்.
கறுப்பு ஸ்ப்ரே போதும் என்றான், எப்படியும் உரியும்.

மூன்று வாரம் கழித்து
அதே பாறை. முதுகுக்குத் தலையணை வைத்து அவள் உள்ளே.
பாறைக்கு முன்னால் நான்.
பதினோரு வருடமாய் ஓட்டுகிற வண்டியின் வயிற்றை
அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன்.
"இடது" என்றேன்.
சக்கரம் வேறு பக்கம் திரும்பியது.
"யாருடைய இடது?" ஜன்னல் வழியே கத்தினாள்.

பிறகு அந்தச் சத்தம்.
உள்ளே இருந்தால் இடுப்பெலும்பில் கேட்கும்.
வெளியே, பெரிய அண்டாவைச்
சிமெண்டுத் தரையில் தரதரவென்று இழுத்த மாதிரி.
வயிறு கலங்கியது எனக்கு.
வண்டி சறுக்கியது, சாய்ந்தது,
குழாயில் ஒரு வெள்ளிக் கோடு விழ
மறுபக்கம் இறங்கி நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்து
படி இருப்பதையே மறந்து தாவினேன்.
தகட்டு விளிம்பில் முழங்கால் இடித்துக் கண்ணில் நீர் வந்தது.
"ஒன்று" என்றாள் ஒரேலியா,
பாதையை விட்டுக் கண்ணெடுக்காமல்.