நன்றிக் குப்பி

வெள்ளிக்கிழமை. ஹார்லிக்ஸ் குப்பிக்குள்
மூன்றாம் வகுப்பின் நன்றிகள்.
ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கிறேன்.

சத்துணவு அக்காவுக்கு, முட்டைக்கு.
ரப்பர் கடன் தந்த ஜெபினுக்கு.
மழைக்கு, கப்பல் விட்டதால்.
இது பெனிஷின் எழுத்து.

அடுத்த சீட்டும் மழைக்குத்தான்:
"அப்பா ரப்பர் வெட்டப் போவல்ல.
அவருதான் எனக்குத் தலை பின்னினாரு."
கீழே, பென்சிலை அழுத்தி:
"ஆனா ஒம்பது நாளாச்சு. போதும்."

ஜெனிலாவின் கோணல் பின்னலை
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெனிஷ் மட்டும் எழுந்து வந்து
தன் சீட்டைத் திருப்பிக் கேட்டான்.
நாக்கைக் கடித்தபடி
மேலே ஒரு வரியைச் சொருகினான்.
இப்போது அது
மத்தியானத்துக்குப் பிறகு பெய்யும்
மழைக்கு நன்றி.

மணி பத்தரை.
குலசேகரத்தில், எங்கள் பள்ளி ஓட்டின்மேல்
இன்னும் அதை வாசிக்காத மழை.