புரட்டியும் வைக்கலாம்

ஒருங்கிசைவு என்று கரும்பலகையில் எழுதுகிறேன்.
சமன் என்றால் இரண்டு கோடு, இதற்கு மூன்று.
ஒன்றைத் தூக்கி மற்றதன்மேல் வைத்தால்
விளிம்பு தெரியக்கூடாது.
தேவையென்றால் புரட்டியும் வைக்கலாம்.

புரட்டியும் வைக்கலாம்:
இருபத்திரண்டு வருடம்
மூச்சு வாங்காமல் சொல்லிவந்த வரி.

கார்த்திகைக் காற்றில் கொண்டாவில் வீட்டு முகப்பின்
முக்கோணக் கண்ணாடி இரண்டும் போயின,
நடுக்கட்டைக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று.
பிஸ்கற் பெட்டி மட்டையில்
ஒன்றுக்கு மட்டும் அளவு வெட்டிக்கொண்டு
ஸ்ரான்லி வீதிக்குப் போனேன்.

பெனடிற் மட்டையை வெளிச்சத்தில் பிடித்தார்.
"இடமும் வலமுமோ ரீச்சர்?"
"ரெண்டும் ஒண்டுதான். ப.கோ.ப."
விலை கேட்கிறேன் என்று நினைத்து
சதுர அடிக் கணக்குச் சொன்னார்.

பூக்கண்ணாடி. ஒரு முகம் வழுவழுப்பு,
மறுமுகத்தில் தூறல் விழுந்து உறைந்த மாதிரி.
வைரமுனை கீறிய சத்தம்
இன்னும் என் பல்லில் இருக்கிறது.

இடப்பக்கம் முதல் துண்டு
சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது.
வலப்பக்கம் மற்றது,
நடுக்கட்டையோடு சேரவேண்டிய செங்கோணத்தை
ஓரத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு
வீம்பாய் நின்றது.
சுழற்றினேன். மூன்று தரம்.
ஏணியைப் பிடித்திருந்த சிவகடாட்சம்
"புரட்டித்தான் பாருமன்" என்றார்.

புரட்டினேன்.
மயிரிழை பிசகவில்லை.
ஆனால் பூ வெளியே,
மழைக்கும் புழுதிக்கும் சிலந்திக்கும்.

போனில் பெனடிற் கோபப்படவில்லை.
"கேட்டனான்தானே, ரீச்சர்."
கேட்டவர்தான்.

அடுத்த பாடத்தில் அந்த வரி வந்தபோது
நின்றுவிட்டேன்.
"தாளைப் புரட்டலாம்" என்றேன்.
பின்வாங்கிலிருந்து தர்மினி:
"எதை ரீச்சர் புரட்டேலாது?"

மறுமொழி வரவில்லை. கையைத்தான் தூக்கினேன்.
கும்பிட்டால் விரலுக்கு விரல் பொருந்துகிறது.
ஒன்றன் முதுகில் மற்றதை வைத்தால்
பெருவிரல்கள் ஆளுக்கொரு திசை பார்க்கின்றன.
முப்பத்தாறு பிள்ளைகளும்
மேசையில் வைத்துப் பார்த்தார்கள்,
மணி அடித்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
சோதனையில் இதற்குப் புள்ளி இல்லை.

கண்ணாடியை மாற்றவில்லை.
சனிக்கிழமைகளில் இடத்துண்டுக்கு ஈரத்துணி போதும்.
வலத்துண்டுக்குப் பழைய பல்துலக்கி.
பின்னேரம் நாலுமணிக்கு
இரண்டும் நிலத்தில் விழுத்தும் வெளிச்சத்தில்
எது எதுவென்று
எனக்கே பிடிபடுவதில்லை.