இரண்டரைச் செடி

எக்ஸ்ரே அறையில் நாளுக்கு நாற்பது தடவை
சொல்லும் அதே வாக்கியத்தை
வெள்ளிக்கிழமை ஒரு பூவிடம் சொல்கிறேன்:
லா தத்தனஃபஸ். மூச்சு விடாதே.

நீலம். சுண்டுவிரல் நகத்தளவு.
இதழ் இரண்டு; மூன்றாவது இருப்பதுபோல ஒரு சந்தேகம்.
கானாவாழைக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம் என்று நினைக்கிறேன்.
"நினைப்பதை எழுதாதே, எண்ணியதை எழுது"
என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள் ருவைதா,
இந்தக் கணக்கெடுப்பின் தலைவி,
இப்போது எனக்கு மேலே எங்கோ மூடுபனிக்குள்
தும்மிக்கொண்டிருப்பவள்.

தோஃபார் மலை. செப்டம்பர் முதல் வாரம்.
கரீஃப் முடியப்போகிறது, இன்னும் முடியவில்லை.
இங்கே மேகம் பெய்வதில்லை,
வந்து உட்காருகிறது.
கண்ணிமையில், கேமராப் பையின் ஜிப்பில்,
சுகோத் மரத்தின் ஒவ்வொரு இலையிலும்.
இலை அதைச் சேர்த்துச் சேர்த்து
கனம் தாளாமல்
தன் வேருக்கே ஊற்றிக்கொள்கிறது.
காடு தனக்குத்தானே தண்ணீர் விடும் சத்தம்
காலையிலிருந்து கேட்கிறது.

என் வயிறு சேற்றில். முழங்கை பாசி படாத கல்லில்.
முக்காலியின் மூன்றாவது காலுக்கு இடமில்லாமல்
அது என் செருப்பின்மேல் நிற்கிறது.
காவலர் முசல்லம் பின்னால் குந்தியிருந்து
நான் மிதித்தவற்றை எண்ணுகிறார்.
இரண்டு செடி, என்கிறேன் முந்திக்கொண்டு.
இரண்டரை, என்கிறார்.

பெயிண்டர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள்,
துறைமுகத்தில் மூட்டை தூக்கி விலா பிசகியவர்கள்,
யாரும் என் பேச்சைத் தட்டியதில்லை.
மார்பைத் தகட்டில் ஒட்டி
உலகமே நின்றதுபோல் நிற்பார்கள்.
இந்த நீலம் தட்டுகிறது.
காற்றே இல்லாத காற்றில் ஆடுகிறது.
பதினோரு படம், பதினோரு கலங்கல்.

பிறகு, சொல்லிவைத்ததுபோல்,
பனி ஒரு முழம் விலகியது.
பூ நின்றது.
நானும் மூச்சை நிறுத்தினேன்.
மூச்சு கேட்டது.
என்னுடையது அல்ல.

பன்னிரண்டாவது படத்தில் விழுந்திருப்பது
ஒரு மேலுதடு.
நடுவில் பிளந்தது, நனைந்தது,
ஒவ்வொரு மயிரும் தெரியத்
துல்லியமாகக் குவிந்தது.

முசல்லம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.
காப்புக்காட்டுக்குள் ஒட்டகம் வரக்கூடாது.
வந்தால் அபராதம்.
அதை எழுத வேண்டியவர் அவர்தான்.
கழுத்துச் சூட்டுக்குறியை ஒருமுறை பார்த்தார்,
மறுமுறை பார்த்தார்,
"மைத்துனருடையது" என்றார் தரையைப் பார்த்து.
பெயர் என்ன?
"ஃபர்ஹா."
அப்படியென்றால் மகிழ்ச்சி.
மகிழ்ச்சி மென்றுகொண்டிருந்தது.

அதைக் கயிற்றில் மாட்டி அவர் இறக்கிச் செல்ல
நான் பாறைக்கு அடியில் தேடினேன்.
அதே செடி, இன்னொரு பூ,
உச்சிவேளை ஆகிவிட்டதால்
கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தது.
ஒரு காலைக்கு மட்டும் பிறப்பது;
மாலையில் தொட்டால் நீலத் தண்ணீர்.
சொல்லாமலே மூச்சடக்கியது.
ஒரே படம்.
உள்ளே மகரந்தத்தாள் ஆறு:
மூன்று உண்மை,
மூன்று பூச்சிகளை ஏமாற்ற மஞ்சள் பூசிய பொய்.
எண்ணினேன், ருவைதா. நினைக்கவில்லை.

இரவு, சலாலாவில், ஈரத் துணிகள் காயாத அறையில்
படிவம் நிரப்புகிறேன்.
படமெடுத்தவர்: அ. தமயந்தி.
இனம்: உறுதியில்லை.
இடம்?
படத்தோடு ஒட்டிவந்த அட்சரேகை தீர்க்கரேகையை
அழித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.
தெரிந்தால் பிடுங்க வருவார்கள்.
எனக்குப் பழக்கம்தான்.
வகுப்புக்குக் காட்டும் நெஞ்செலும்புப் படங்களில்
ஓரத்திலிருக்கும் பெயரை
நான்தான் கறுப்பால் மூடுவேன்.

கடைசிக் கட்டம்: அச்சுறுத்தல்கள்.
ஒட்டகம், ஒன்று, என்று எழுதினேன்.
பேனாவை மூடினேன்.
திறந்தேன்.
முக்காலியோடு ஒரு பெண், ஒன்று.
சேதம்: இரண்டரை.