புளி

ஒல்டன் ஆஸ்பத்திரி, நான்காம் மாடி.
இரவு பத்தேகால்.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிவந்த பனிமூட்டம்
யன்னலோடு நின்றுவிட்டது,
பார்வையாளர் நேரம் முடிந்ததென்று
யாரோ தடுத்ததுபோல.

கையில் சுற்றிய பட்டை
உப்பி, இறுக்கி, பெருமூச்சு விட்டு
நூற்றெண்பத்திரண்டு என்றது.
இறங்காவிட்டால் நாளைக் காலை கத்தி வைக்கமாட்டார்கள்.
அதைக் கேட்டு இன்னும் ஏறியது.

தாதி ரெகூலா
பயப்படாதே என்று சொல்லவில்லை.
அந்தச் சொல்லை
விடிந்ததிலிருந்து ஆறுபேர் சொல்லிவிட்டார்கள்.
ஆளுக்கொரு புள்ளி ஏற்றியிருப்பார்கள்.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.
பயத்துக்குப் பத்தில் எத்தனை கொடுப்பீர்கள் என்றாள்.
ஐந்து என்றேன்.
"இது மரியாதைக்குச் சொன்ன ஐந்தா,
உண்மையான ஐந்தா?"

இருபத்திரண்டு வருசம்
இந்த ஊர் ரயில்பெட்டிகளைத் துடைத்தவள்.
யார் என்ன கேட்டாலும்
பரவாயில்லை என்று சொல்லவே
ஜேர்மன் படித்தவள்.
ஒன்பது என்றேன்.

எங்கே இருக்கிறது?
வயிற்றைக் காட்டினேன்.
எப்படி இருக்கிறது?
வயிற்றுக்குள் யாரோ புளியைக் கரைக்கிறார்கள்.
எல்லாச் சொல்லும் ஜேர்மனுக்குப் போக
புளி மட்டும் போகமாட்டேன் என்று நின்றது.

கறுப்பு. பிசுபிசுப்பு.
பிசையப் பிசைய
தண்ணீர் முழுக்க அதுவாகிவிடும்.
அவள் பேனா எடுத்து
என் கோப்பில் எழுதிக்கொண்டாள்,
எழுத்துக் கேட்டு, எழுத்துக்கூட்டி.

வேறென்ன?

மார்பிலுள்ள கட்டியைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.
வந்ததோ உடுப்புத் தோய்க்கும் நாள்.
வியாழன் என் முறை.
நிலவறை மெசின் சாவி என் கைப்பையில்.
மேல்வீட்டு ஹூக்லி அம்மா
கதவில் கடதாசி ஒட்டுவாள்,
மூன்று ஆச்சரியக்குறி போட்டு.
போன மார்கழியில் ஒட்டினாள்,
இன்னும் பசை போகவில்லை...
சொல்லச் சொல்ல அழுகை வந்தது.
வெட்கம்.
கத்திக்குக் காத்துக் கிடந்துகொண்டு
மெசினுக்கு அழுகிற பொம்பிளை.

ரெகூலா சிரிக்கவில்லை.
இந்த நாட்டில் பிறந்தவள்,
அந்தச் சாவியின் பாரம் தெரியும்.
"இது சின்ன விசயமில்லை" என்றாள்.
உறை ஒன்று எடுத்தாள், விலாசம் கேட்டாள்.
காலையில் என் பஸ் அந்த வழிதான்,
ஏழரைக்கு அவள் தபால்பெட்டியில் கிடக்கும்.

கட்டியைப் பற்றி
அதற்குப் பிறகுதான் பேசினோம்.
பேசினோம் என்றால்,
நான் பேசினேன்.

கீழே சரக்கு ரயில் ஒன்று புறப்பட்டது.
அது தீரும்வரை மெல்ல மூச்சை விடுங்கள் என்றாள்.
சரக்கு ரயில் எப்போது தீர்ந்தது?
பாதிப் பெட்டியில் எனக்கு இருமல்,
அவளுக்கும்.
நூற்றைம்பத்தாறு.

வெளியே போனவள்
கதவுக் கண்ணாடிக்கு அப்பால் நின்றாள்.
கைக்கு மருந்து தேய்த்தாள்,
தேவைக்கு மேல் நேரம்,
கண்ணை மூடிக்கொண்டு.
இன்னும் பதினொரு கட்டில்.
அவளுடைய வயிற்றில் கரைவதை
யார் எழுதிக்கொள்வார்கள்?
கேட்டிருக்கலாம்.
நித்திரை முந்திவிட்டது.

அடுத்த நாள் கண் விழித்தபோது
நெஞ்சு முழுக்கப் பஞ்சும் பட்டியும்.
வாயில் இரும்பு ருசி.
பகல் தாதி பிளெரிம், கொசோவோப் பொடியன்,
கோப்பைப் புரட்டி
ஒரு வரியில் நின்றான்.
கண்ணைச் சுருக்கி வாசித்தான்.

"புல்லி... இன்னும் இருக்கா?"

வயிற்றைத் தடவிப் பார்த்தேன்.
ஒரு ரசத்துக்குக் காணும் என்றேன்.

பேனாவை எடுத்தான்.
ரசம் என்றால்?