போதுமான தகவல்

கோபி எல்லை. நிலக்கரி லாரிகளின் எடைமேடை.
ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவே
இரண்டு நிமிடம்;
ஒரு கணக்கு.

எடைச்சீட்டின் முதுகில் ஓயுன்சிமெக் எழுதிய
எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வுத் திட்டம்
பதினெட்டு மாதம் நீளும்.
பனிக்காலம் முழுக்க விகிதங்கள்.
மார்ச்சில் மணற்புயல், மின்சாரம் நிற்கும்
(அந்த வரி மட்டும் பென்சிலில்).
ஆகஸ்டில் மாதிரித் தேர்வு;
தம்பி கல்யாணத்துக்கு மூன்று நாள் போகும்.

'கொடுத்த தகவல் போதுமா?'
பக்கத்துக்குப் பக்கம் கேட்கிறது புத்தகம்.
சேமிப்பு: நான்கு மாதச் சம்பளம்.
உதவித்தொகை: தெரியாது.
மகனுக்கு வயது இரண்டு.

ஹாரன்.
பாத்பயார் கண்ணாடியை இறக்கி,
"எந்த மாசத்துல நிக்கிற?" என்கிறான்.
"இன்னும் முதல் மாசம்தான்."

நானூறு கிலோ கூடுதல்.
இறக்கிவிட்டு வா என்கிறாள்.
இன்னொரு கணக்குக்கு
நேரம் கிடைத்தது.