சனி முதல் சனி வரை

பிப்ரவரி. ராண்டர்ஸில் பனிகூட இல்லை, வெறும் ஈரம்.
இரவு பத்தரைக்கு மேல்
பாத்திரம் கழுவும் இயந்திரம் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்க
யார் யாரோ இருந்துவிட்டுப் போகும் வீடுகளை
திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிறேன்.

"ரக்னா, நீயே பார்த்து முடிவு பண்ணு" என்றார்கள்.
தப்பாய்ப் போனால் திட்டுவதற்கு
ஒரு ஆள் வேண்டுமில்லையா.

பதினோரு பேர். ஒரு நாய்.
அம்மாவின் முழங்காலுக்குத் தரைத்தளத்தில் அறை.
பிரேபனின் குறட்டைக்கு
இரண்டு சுவர்களாவது குறுக்கே.
வில்லாட்ஸுக்குப் பதினாறு வயது; கடல் வேண்டாம், வைஃபை போதும்.
இரட்டையருக்கு அடுக்குக் கட்டில்,
அதில் இரண்டுமே மேல்கட்டிலாக.

முதல் வீடு நாணல் கூரை,
ஜன்னலைத் திறந்தால் மேற்குக் கடல்.
நாய்க்கு அனுமதி இல்லை.
போடில் நாயை விட்டு வரமாட்டாள்,
ஹன்னவை விட்டுவிட்டு வந்தாலும் வருவாள்.

இரண்டாவதில் நீச்சல் குளம்.
வாடகையைப் படித்த ஏய்னார்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி படித்தான். தொகை மாறவில்லை.

மூன்றாவது வீடு
எங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது.
இரண்டு சிறகுகள், இரண்டு சமையலறை, இரண்டு குளியலறை,
மணல்மேட்டின் இரு பக்கமும் இரண்டு வாசல்.
ஆஸ்கெர் கிழக்கே, போடில் மேற்கே.
ஏழு நாளும் ஒருவர் நிழலில் மற்றவர் மிதிபடாமல்
நீந்தலாம், சுட்டுத் தின்னலாம், தூங்கலாம்.
"இதுதான்" என்றாள் அம்மா, தொலைபேசியில், மூச்சே விடாமல்.

அப்பாவின் படகை ஆஸ்கெர் விற்று மூன்று வருடம்.
பெரிய படகொன்றும் இல்லை.
நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர்
தண்ணீர் இறைத்துக்கொண்டே வரவேண்டும்.
போடிலை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கேட்டிருந்தால் "வித்துடு" என்றுதான் சொல்லியிருப்பாள்.
அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கிறிஸ்துமஸ் இரண்டு பந்தி.
இருபத்துநான்கு ஒருவருக்கு, இருபத்தைந்து மற்றவருக்கு.
அதே வாத்து, மறுநாள் சூடுபண்ணியது.
யாருக்குப் பழையது என்பதை
அம்மா நாட்குறிப்பில் வருடம்வாரியாய் எழுதி வைத்திருக்கிறாள்.

முன்பதிவுப் பொத்தான்மேல் விரல் வைத்தபடி
ஜூலையைப் பார்த்தேன்:
கிழக்குச் சிறகுக்கும் மேற்குச் சிறகுக்கும் நடுவே
அந்த முழங்காலோடு,
கையில் மூடிவைத்த தட்டோடு,
அம்மா
மணலில் போய்ப் போய் வருகிறாள்.

விரலை எடுத்தேன்.

நான்காவது வீட்டை யாரும் பார்க்கவில்லை, நானும் பாதிதான்.
சௌனா பழுது. கடலுக்கு இருபது நிமிட நடை.
நாய் வரலாம்.
ஒன்றுக்கொன்று சேராத பன்னிரண்டு நாற்காலிகள்,
ஒரே மேசை.
பதினோரு பேருக்கு ஒரே குளியலறை.

ஒரு உறையில் இரண்டு கத்தி. தெரியும்.
ஆனாலும் காலை ஏழரை மணியை நினைத்துப் பாருங்கள்:
உள்ளே இரட்டையர் தண்ணீரை வீணடிக்க,
வெளியே தோளில் துண்டோடு ஆஸ்கெர்,
அவனுக்குப் பின்னால் வாயில் பல்துலக்கியோடு போடில்.
வாய் நிறைய நுரையோடு
படகைப் பற்றிப் பேச முடியாது.
அதிகம் போனால் ஒருவர் ஒதுங்கி
"நீ முதல்ல போ" என்று சொல்லலாம்.
அதுகூட வேண்டாம், தலையை அசைத்தால் போதும்.
சொல்லாமலும் போகலாம்தான்.
ஏழு காலைகள் இருக்கின்றன.

முன்பணம் கட்டிவிட்டு எல்லாருக்கும் எழுதினேன்:
மற்றதெல்லாம் போய்விட்டது, இது ஒன்றுதான் கிடைத்தது.
மின்சாரக் கட்டணம் தனி.
படுக்கை விரிப்பு அவரவர் கொண்டுவரவும்.

ஏய்னார் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.
மூன்றாவது வீடு பச்சையாய், காலியாய்
இன்னும் திரையில்தான் இருந்தது.
அவன் ஒன்றும் சொல்லாமல்
இயந்திரத்தைத் திறந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினான்.

குளியலறைத் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று
விவரத்தில் எழுதியிருக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.